கணவன் மனைவி இருவருமாக நாய் தத்தெடுக்கும் முன்

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: கல்யாணமாகி இரண்டு வருடம், இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்க ஆசை, என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், குட்டி நல்லதா வளர்ந்த நாய் நல்லதா. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், "எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் பழக்கம், அவருக்குக் கொஞ்சம் பயம், ஆனாலும் உனக்காகச் சரி என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது அந்த வரிதான். தட்டும் பெல்ட்டும் படுக்கையும் அரை நாளில் வாங்கிவிடலாம். ஒருவருக்கு ஆசையும் மற்றவருக்குத் தயக்கமும் இருக்கிற வீட்டுக்கு நாய் வரலாமா, வருவதானால் அதற்கு முன் இருவரும் எதையெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும் என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்க வேண்டிய சாமான்கள் நடுவில் தானாக வரும்.

நான் கால்நடை மருத்துவர். பல வருடங்களாக நாய், பூனைகளைத்தான் பார்த்து வருகிறேன். ஒரு காப்பகத்துக்கும் மருத்துவ உதவி செய்கிறேன். நாய்கள் வீடு கிடைத்துப் போவதையும் பார்க்கிறேன், திரும்பி வருவதையும் பார்க்கிறேன். கடித்ததால் வருபவை உண்டு, வீடு மாறியதால் வருபவை உண்டு. தம்பதிகள் திருப்பிக் கொண்டுவரும்போது மட்டும் காரணம் எதுவானாலும் நடுவில் ஒரு வாக்கியம் கட்டாயம் விழும்: "நீதானே ஆசைப்பட்டாய்." கீழே எழுதியிருப்பதில் நோய், தடுப்பூசி, நஞ்சு பற்றியவை உறுதியானவை. நடத்தை பற்றியவற்றில் ஆராய்ச்சியில் தேறியவையும் இருக்கின்றன, எங்களைப் போன்றவர்களின் அனுபவக் கணிப்பும் இருக்கிறது. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் பயம் எந்த அளவுக்கு என்பதை மட்டும் நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பயத்திலிருந்தே தொடங்குவோம். நாய் பாய்ந்து வந்தால் இரண்டு அடி பின்வாங்குகிறவர் ஒரு ரகம். நாய் நிற்கிற தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போகிறவர், பக்கத்தில் வந்தால் வியர்த்து மூச்சு முட்டுகிறவர் வேறு ரகம். முதல் ரகத்துக்குப் பழக்கமே போதும். இரண்டாவது என்றால், நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து பயத்தைத் தெளிய வைக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பயப்படும் பொருளைப் படிப்படியாக, பாதுகாப்பாக நெருங்க வைக்கும் உளவியல் சிகிச்சை இத்தகைய பயங்களுக்கு நன்றாகவே பலன் தருகிறது. அதை முடித்த பிறகு காப்பகத்துக்குப் போகலாம், நாய்கள் எங்கேயும் ஓடிவிடாது.

லேசான பயம் என்றால், தெரிந்தவர் வீட்டில் உள்ள நிதானமான, வயதான நாய் ஒன்றோடு சில மாலைகள் இருந்து பாருங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் போதும், தொட வேண்டியதில்லை. "ஒன்றும் பண்ணாது, தொட்டுப் பாருங்கள்" என்று யாரும் சொல்லக் கூடாது, நீங்களும்தான். நாயே வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும். தொடத் தோன்றினால், நேருக்கு நேர் குனியாமல் பக்கவாட்டில் இருந்துகொண்டு, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் இன்னும் நெருங்கினால் தொடரலாம், தலையைத் திருப்பினால் விட்டுவிடலாம். அவர் கையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்று தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பயம் வேறு, விருப்பமின்மை வேறு. பயமுள்ளவர் பிறகு நாய்க்கு உயிரையே கொடுப்பவராக மாறியதுண்டு. விருப்பமில்லாமல் தலையாட்டியவர் மாறுவது அபூர்வம். இது என் கணிப்புதான், கணக்கெடுத்தது இல்லை. குட்டி நாய் போட்டோ எதையும் காட்டாத ஒரு நாளில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் ஒரு வாரம் வெளியூர் போனால் நீங்கள் தனியாக அதைப் பார்த்துக்கொள்வீர்களா?" பதில் வருவதற்கு ஆகும் நேரத்தைக் கவனியுங்கள். "பார்த்துக்கொள்ளலாம், ஆனால் காலையில் எழுந்திருப்பதுதான் கஷ்டம்" என்றால் நல்ல பதில், அவர் ஏற்கெனவே மனதில் வாழ்ந்து பார்த்துவிட்டார். "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒவ்வாமை. இருவரில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடிக்கடி தும்மலோ இருந்தால் தத்தெடுக்கும் முன்பே நாய் இருக்கும் வீட்டில் பல மணி நேரம், பல நாள் இருந்து பார்க்க வேண்டும். "முடி கொட்டாத இனம், அலர்ஜி வராது" என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒவ்வாமை தருவது முடி இல்லை, நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதங்கள். நெதர்லாந்தில் செய்து 2012இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை தராதவை என்று பேர் வாங்கிய இனங்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஒரே இனத்துக்குள்ளேயே நாய்க்கு நாய் அளவு மாறும். ஆகையால் எடுக்கப்போகிற அதே நாயோடு நேரம் செலவிடுவதுதான் சோதனை.

அடுத்தது வேலைப் பங்கீடு. "எல்லாவற்றையும் பாதிப் பாதி செய்துகொள்வோம்" என்று எல்லாத் தம்பதிகளும் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் ஓடாது. ஒரு வேலை இருவருடையது என்றால் மற்றவர் செய்திருப்பார் என்று இருவருமே நினைப்பார்கள். இரண்டு மாதமாக உண்ணி மருந்து போடாத நாய்களும், ஒரே இரவில் இரண்டு முறை சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பி வரும் நாய்களும் இப்படிப்பட்ட அன்பான வீடுகளிலிருந்துதான் என்னிடம் வருகின்றன. சாப்பிட்டாயிற்று என்று நாய் சொல்லவா போகிறது? ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். காலை வெளியே அழைத்துப் போவது, சாப்பாடு, மாதாந்திர மருந்துகள், பயிற்சி, நடு இரவில் வாந்தி எடுத்தால் எழுந்திருப்பது, மருத்துவமனைக்கு லீவு போடுவது. அளவு சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசைப்பட்டவர் நீங்கள் என்பதால் உங்கள் பக்கம் கூடுதலாக இருப்பது நியாயம்தான். அவருக்கு முதலில் நாயைத் தொடாமலே செய்யக்கூடிய வேலைகளைக் கொடுங்கள்: தடுப்பூசித் தேதிகள், மருத்துவக் கோப்பு, செலவுக் கணக்கு, சாப்பாட்டுத் தட்டை நிரப்பி வைத்துவிட்டு நகர்ந்துகொள்வது. தினமும் சாப்பாடு வைக்கிறவர் யார் என்று நாய்க்கு நன்றாகவே தெரியும்.

பிறகு, நாய் இல்லாமலே ஒரு ஒத்திகை. இரண்டு வாரம், காலையில் அரை மணி நேரமாவது யார் பொறுப்போ அவர் எழுந்து வெளியே நடந்துவிட்டு வர வேண்டும். மதியம் யாராவது வீட்டுக்கு வர வழி இருக்கிறதா என்று உண்மையிலேயே செய்து பார்க்க வேண்டும். மாலை மறுபடி, படுக்கும் முன் ஒரு முறை. மழை பெய்தாலும், அலுவலகத்தில் நேரமானாலும், தலைவலித்தாலும். சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்தவர்கள் யாரும் வீண் என்று சொன்னதில்லை. அந்த இரண்டு வாரத்தில் சண்டை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்; அதன் நடுவில் மாட்டிக்கொள்ள ஒரு நாய் இல்லாதபோதே வந்தது நல்லது.

தனியாக விடும் நேரத்தைப் பற்றி: வளர்ந்த நாயை ஒரே மூச்சில் சுமார் 4 மணி நேரத்துக்கு மேல் தனியாக விட வேண்டாம் என்று பல விலங்கு நல அமைப்புகள் சொல்கின்றன. இது நல்ல வழிகாட்டி, இயற்கை விதி இல்லை. 6 மணி நேரம் நிம்மதியாகத் தூங்கும் நாயும் உண்டு, 20 நிமிடத்தில் கதவைப் பிறாண்டும் நாயும் உண்டு. இருவரும் 9, 10 மணி நேரம் வெளியே, நடுவில் வர ஆளே இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். துணைக்கு இன்னொரு நாயை எடுத்தால் தனிமை தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். பிரிவுப் பதற்றம் உள்ள நாய் தேடுவது பெரும்பாலும் மனிதரை, அதனால் இரண்டு நாயும் சேர்ந்து குரைப்பதுதான் மிச்சமாகும்.

விதிகளுக்கு வருகிறேன். தம்பதிகள் வீட்டில் நாய் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சில காலம் முன்பு ஒரு தம்பதி தங்கள் இளம் ஆண் நாயை அழைத்து வந்தார்கள். சொன்னால் கேட்பதே இல்லை, எல்லோர் மேலும் தாவுகிறது என்பது புகார். அறைக்குள் வந்ததும் அது மனைவி மேல் தாவியது; அவர் "இறங்கு!" என்று அதட்டி முழங்காலால் தள்ளினார். உடனே கணவர் மேல் தாவியது. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு அது செய்ததுதான் முக்கியம். முன்கால்களைப் பாதி தூக்கியபடி நின்று, ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்வையை மாற்றி மாற்றி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. வால் தாழ்ந்து வேகமாக ஆடியது. உதட்டை நக்குவதும் தாழ்ந்த வாலும் மகிழ்ச்சியின் அறிகுறிகள் இல்லை, குழப்பத்தினுடையவை. நாய் கேட்காமல் இல்லை. இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுத்தான் அப்படி நின்றது.

இதன் பின்னால் இருக்கும் இயக்கம் உளவியலில் பழையது, உறுதியானது. ஒரு செயலுக்கு ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பிறகு நின்றுவிட்டால் விலங்கு அதைச் சீக்கிரம் விட்டுவிடும். சில சமயம் மட்டும் கிடைத்தால், எப்போது கிடைக்கும் என்று தெரியாததாலேயே லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் போல விடாமல் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் சாப்பாட்டு மேஜையிலிருந்து எதுவும் தராமல், அவர் வாரத்துக்கு ஒரு முறை இரக்கப்பட்டு ஒரு துண்டு கொடுத்தால், தினமும் கொடுப்பதைவிடப் பிடிவாதமான பிச்சைக்காரனை இருவரும் சேர்ந்து தயாரிக்கிறீர்கள். எனவே சோபாவில் ஏறலாமா, படுக்கையறைக்குள் வரலாமா, மேஜையிலிருந்து கொடுப்பதா என்ற மூன்றையும் நாய் வரும் முன்பே முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வீட்டு நாய் சோபாவில்தான் தூங்குகிறது. கட்டளைச் சொற்களும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் "உட்கார்", மற்றவர் "சிட்" என்றால் நாய் கற்றுக்கொள்ளும், ஆனால் இரண்டு மடங்கு நேரமாகும்.

இங்கே ஒரு வாக்குவாதம் வரும். "நாம்தான் தலைவர் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்" என்று உங்களில் ஒருவராவது, அல்லது வருகிற உறவினராவது சொல்வார்கள். இந்த எண்ணம், ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்து பரவியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? பிறகு டேவிட் மெக் என்ற ஆய்வாளர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் பார்த்துவிட்டு, இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். தலைவன் பட்டத்தை முன்பு பிரபலமாக்கியவர்களில் அவரும் ஒருவர். நாய் ஓநாயே இல்லை என்பது தனி விஷயம். அதட்டல், கழுத்தை இழுத்தல் போன்றவற்றை நம்பிய பயிற்சிப் பள்ளி நாய்களுக்கு தீனி கொடுத்துப் பழக்கிய பள்ளிகளின் நாய்களைவிட மன அழுத்த அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பின் அளவும் கூடுதலாக இருந்ததை, போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. தீனி கொடுத்துப் பழக்குவது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குட்டியா, வளர்ந்ததா? உங்கள் நிலைமைக்கு இரண்டு வயதுக்கு மேற்பட்ட, நிதானமான நாய் என்றே சொல்வேன். குட்டி அழகுதான். ஆனால் இரவில் எழுந்து வெளியே விட வேண்டும். பகலில் இத்தனை மாதக் குட்டி இத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள், மூன்று மாதக் குட்டி என்றால் மூன்று, நான்கு மணி நேரம். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது முட்டும். குட்டியின் பல் ஊசி மாதிரி இருக்கும், கையைக் கவ்வித்தான் விளையாடும். ஏற்கெனவே பயப்படுகிறவருக்கு அது நல்ல அறிமுகம் இல்லை. இன்னொன்று, குட்டி பெரிதானால் எப்படிப்பட்ட நாயாக வரும் என்பது ஊகம். வளர்ந்த நாய் எப்படி என்பது கண்ணெதிரே தெரியும். "குட்டியிலிருந்து வளர்த்தால்தான் ஒட்டும்" என்பதற்கு ஆதாரம் கிடையாது. நான்கு வயதில் வீடு மாறிய நாய்கள் புதியவர்களோடு எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதை வாராவாரம் பார்க்கிறேன்.

குட்டிதான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். உலகம் ஆபத்தில்லாதது என்று நாய் கற்றுக்கொள்ளும் காலம் பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14ஆம் வாரம் வரைதான். 1965இல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் வெளியிட்ட நீண்டகால ஆய்விலிருந்து இது நிலைபெற்றது. ஆனால் தடுப்பூசித் தொடர் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரையாவது போகும். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எல்லா ஊசியும் முடியும் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் வராது, பயந்த நாய் வரும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் சுத்தமான இடங்களுக்கு, தடுப்பூசி போட்ட நாய்கள் இருக்கும் வீடுகளுக்கு, கையில் தூக்கிக்கொண்டு சத்தமான தெருக்களுக்கு அழைத்துப் போவதே நடைமுறை வழி. 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை எடுக்காதீர்கள்.

இனம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களோடு, அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் பார்த்த ஆய்வில், தனிப்பட்ட நாய்களிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. இனம் ஒன்றுமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அளவு, முடி, சப்பை மூக்கால் வரும் மூச்சுத் திணறல், ஆயுள் எல்லாம் இனத்தோடுதான் போகின்றன. குணத்தைத்தான் பெயரை வைத்து முடிவு கட்ட முடியாது. கலப்பு நாயைப் பார்த்து "இது இன்ன இனம்" என்று காப்பகத்தில் சொல்வதும் பல சமயம் தவறு, மருத்துவர்கள் நாங்கள் சொல்வதும்தான்.

காப்பகத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள், ஒரே நாளில் முடிவு எடுக்காதீர்கள். கூண்டுக்குப் பின்னால் விடாமல் குரைக்கிற நாய் வெளியே வந்ததும் பஞ்சாக இருக்கலாம். மூலையில் சாதுவாக இருப்பது பயத்தில் உறைந்து போனதாக இருக்கலாம். அதனால் கூண்டுக்கு வெளியே, அமைதியான இடத்தில், அரை மணி நேரம் கேளுங்கள். கூப்பிடாமல் உட்காருங்கள். சுற்றி மோந்து முடித்துவிட்டு உங்களிடம் தானாக வருகிறதா? ஏதாவது டப்பென்று விழுந்தால் திடுக்கிட்டாலும் சீக்கிரம் தேறிவிடுகிறதா? திடுக்கிடுவதை விடத் தேறும் வேகத்தைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் கணவர் மேல் ஏறி விழாமல், அவரைக் கண்டுகொண்டும் கண்டுகொள்ளாமலும் இருக்கிற நாய் உங்கள் வீட்டுக்குச் சரி. இதில் எல்லாம் உறுதி குறைவு. காப்பகத்தில் செய்யும் குணப் பரிசோதனைகள் வீட்டில் நாய் எப்படி இருக்கும் என்பதை நன்றாக முன்கூட்டிச் சொல்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சோதனையைவிடத் தினமும் கூண்டு கழுவுகிறவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அவரிடம் கேளுங்கள்: எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு யாராவது எடுத்துப்போய்த் திருப்பினார்களா, ஏன், சாப்பிடும்போது பக்கத்தில் போகலாமா, எதைக் கண்டால் பிடிக்காது. தற்காலிகமாகச் சில வாரம் வைத்துப் பார்க்க அந்தக் காப்பகம் அனுமதித்தால் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் எதுவும் கிடைக்காது.

எடுத்த சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். மலப் பரிசோதனை, குடற்புழு மருந்து, உண்ணி வழியாக வரும் காய்ச்சல்களுக்கான ரத்தப் பரிசோதனை, கொசு வழியாகப் பரவும் இதயப்புழுப் பரிசோதனை. இதயப்புழு தொற்றி சுமார் ஆறு மாதம் ஆன பிறகுதான் வழக்கமான பரிசோதனையில் தெரியும், எனவே இன்று இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். வீட்டில் இதற்கு முன் பார்வோ வந்த நாய் இருந்திருந்தால் சொல்லுங்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும், கை கழுவும் சானிடைசருக்குச் சாகாது, நீர்த்த பிளீச்சிங் திரவத்துக்குச் சாகும். ரேபிஸ் தடுப்பூசியில் பேரம் கிடையாது. அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் அது. கருத்தடை அறுவையை எந்த வயதில் செய்வது என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. பெரிய உடம்புள்ள சில இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுப் பிரச்சினை கூடுவதாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் சொல்கின்றன, சிறிய நாய்களில் அப்படித் தெரியவில்லை. காப்பகத்து நாய் பெரும்பாலும் அறுவை முடிந்தே வரும்.

வாங்க வேண்டியவை: இரண்டு தட்டு, துவைக்கக்கூடிய படுக்கை, நன்றாகப் பொருந்துகிற ஹார்னஸ், இரண்டு மீட்டர் கயிறு, கடிக்கப் பொம்மை, பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லை. முதல் மாதம் ஏற்கெனவே சாப்பிட்ட அதே உணவு. பிறகு, வீட்டைத் தரையோடு தரையாகக் குனிந்து ஒரு முறை பாருங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்ந்த சூயிங்கம், நம் தலைவலி மாத்திரைகள் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். இதில் என் அனுபவத்தில் அதிகம் தவறுவது கைப்பை. சூயிங்கமும் மாத்திரையும் அதில்தான் இருக்கும், அது தரையில்தான் இருக்கும்.

முதல் நாட்களில் பெரிய ஆபத்து நோய் கூட இல்லை, திறந்த கதவு. புதிய நாய்க்கு உங்கள் வீடு இன்னும் வீடு ஆகவில்லை, பயந்தால் ஓடும், திரும்பி வரத் தெரியாது. கதவைத் திறக்கும் முன் ஒருவர் நாயைப் பிடித்திருக்க வேண்டும். விருந்தாளி வேண்டாம், குளியல் வேண்டாம், கட்டிப்பிடித்து செல்ஃபியும் வேண்டாம். மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு சொந்தமாகும் என்று தத்தெடுப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. அது ஆய்வு முடிவு இல்லை, பொறுமை காக்க உதவும் கணக்கு. முதல் இரண்டு வாரம் சாதுவாக இருந்துவிட்டு மூன்றாவது வாரம் குரைக்கத் தொடங்கினால் நாய் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. உறுமினால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், விலகிப் போங்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் வரும். உங்கள் கணவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முதல் உறுமலிலேயே அவர் மனம் விட்டுவிடக் கூடாது.

நாய் வரும்போது இருவரும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, எட்டாம் நாள் காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்பிப் போவது எல்லோரும் செய்வது. ஒரு வாரம் 24 மணி நேரமும் கூடவே இருந்துவிட்டுச் சட்டென்று மறைந்தால் எந்த நாயும் கலங்கும். லீவைத் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாம் நாளிலிருந்தே இருவரும் சேர்ந்து வெளியே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பி வாருங்கள், பிறகு ஐந்து, பிறகு பதினைந்து. போகும்போது பிரியாவிடையும் வரும்போது கொண்டாட்டமும் தேவையில்லை. நாய் ஒருவரோடு கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் உங்களோடு. அதை அவர் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தினமும் ஒரு நல்ல விஷயத்தை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டால், மாலை நடையோ, பந்து விளையாட்டோ, சில மாதங்களில் தராசு தானாகச் சரியாகும்.

வருங்காலத்தைப் பற்றியும் இப்போதே பேசுங்கள். சிறிய நாய் 12, 15 வருடம் வாழும். அதற்குள் குழந்தை வரலாம், ஊர் மாறலாம். கர்ப்பமானால் நாயை அனுப்பிவிடச் சொல்லி அறிவுரை வரும். கருவைப் பாதிக்கும் என்று பலர் பயப்படும் டாக்சோபிளாஸ்மா கிருமி மலம் வழியாகப் பரவுவது பூனையிடமிருந்து, நாயிடமிருந்து இல்லை. எதிர்பாராத அறுவை சிகிச்சை ஒன்றுக்குத் தாங்கும் பணமோ காப்பீடோ ஒதுக்கி வையுங்கள். கசப்பான இன்னொன்றும் இருக்கிறது: நீங்கள் பிரிந்தால் நாய் யாரிடம்? பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் நாய் இன்னும் ஒரு சொத்துதான்; அலாஸ்காவில் 2017இலும், கலிஃபோர்னியாவில் 2019இலும், ஸ்பெயினில் 2022இலும்தான் விவாகரத்தில் நாயின் நலனையும் பராமரிப்பையும் நீதிமன்றம் பார்க்க வழி வந்தது. நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் தத்தெடுப்புப் பத்திரத்திலும் யார் பெயர் இருக்கிறது என்பது அதனால் வெறும் சடங்கு இல்லை. இதைப் பேசுவது அபசகுனம் என்று தோன்றினால் பேச்சை ஊர் மாற்றத்தில் தொடங்குங்கள், தானாக இங்கே வந்து சேரும்.

கடைசியாக, எல்லாம் செய்தும் ஒத்துவராமல் போகலாம். நாய் அவரைக் கண்டாலே விறைக்கிறது, அல்லது மூன்று மாதம் கழித்தும் அவர் தன் வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக நடக்கிறார் என்றால், முதலில் நடத்தைப் பயிற்சியாளரையோ மருத்துவரையோ பாருங்கள். திடீர்க் கோபத்துக்குப் பின்னால் வலி இருப்பதை நாங்கள் அடிக்கடி கண்டுபிடிக்கிறோம். அதற்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் காப்பகத்திடமே திருப்பிக் கொடுங்கள், தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் தள்ளிவிடாதீர்கள். கொடுக்கும்போது என்ன சாப்பிட்டது, எங்கே தூங்கியது, எதற்கு உறுமியது, தனியாக எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அடுத்த வீட்டைத் தேடும்போது அந்தக் காப்பகத்துக்கு அதைவிடப் பயனுள்ள காகிதம் வேறு இருக்காது.